திரும்பி வரும் நீலம்

மார்ச் 5, ஞாயிறு

விடிவதற்கு முன்பே கிளம்பி அணைக்குப் போனேன். அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் பரிசலில் கால் வைத்தேன். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், பயமாகவே இருந்தது. பயந்தவள் ஏறினால் பரிசல் மிதக்காதா என்ன, மிதந்தது.

ரங்கக்காதான் துடுப்புப் போட்டார். அன்றைக்கு என் கணவரை ஏற்றிக்கொண்டு போனதும் ரங்கக்காதான். மழைக்காற்றில் பரிசல் கவிழ்ந்து, ரங்கக்கா அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். அவர் வரவில்லை. தீயணைப்புக்காரர்களும் முக்குளிப்பவர்களும் தேடிப் பார்த்துவிட்டு, மடுவில் சேறு ஆழம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் இந்த நாட்குறிப்பில் நான் எழுதியதில்லை. இப்போது எழுதியாயிற்று, இனி எழுத வேண்டியதில்லை.

கூத்தாடிப்பள்ளம் அணையில் ஒரு வருடம் வாராவாரம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க வேண்டும். பாசி எவ்வளவு விளைகிறது என்று கணக்கிட வேண்டும். இது அவருடைய ஆராய்ச்சி. பாதியில் நிற்கிறது. நானும் அதே விலங்கியல்தான் படித்தேன், பெண்கள் கல்லூரியில் அதையேதான் கற்றுக்கொடுக்கிறேன். முடித்து வைக்க வேறு யாரைத் தேடுவது?

திரும்பி வந்ததும் அவருடைய அண்ணன், என் மச்சாண்டாரிடமிருந்து போன். கருமாதிக்கு நாள் பார்க்கட்டுமா என்று மறுபடியும் கேட்டார். உடல் கிடைக்கட்டும் என்றேன்.

மார்ச் 6, திங்கள்

கல்லூரி ஆய்வகத்தில் அவர் கரைத்து வைத்திருந்த மருந்துகள் கெட்டுப்போயிருந்தன. எல்லாவற்றையும் புதிதாகக் கரைத்தேன். அயோடைடு கரைசலில் கடைசியாக அசைடு என்ற வெள்ளைப் பொடியும் கொஞ்சம் சேர்ப்பார்கள். அது விஷம். அந்த டப்பாவை எடுத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வேதியியல் துறைக்குப் போய் ஸ்டெல்லாவிடம் கொடுத்து, உன் அலமாரியில் வைத்துப் பூட்டு, சாவி உன்னிடமே இருக்கட்டும், நான் கேட்டாலும் தராதே என்றேன்.

"ஏன்டி?" என்றாள்.

"பிள்ளைங்க வந்து போற இடம்."

ஸ்டெல்லா என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வாங்கிப் பூட்டினாள். ராத்திரி சாப்பிட என் வீட்டுக்கு வா, வந்தே ஆகணும் என்றாள். போனேன். மீன்குழம்பில் புளி தூக்கல்.

அந்தப் பொடி இல்லாமலும் செய்யலாம். முன்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

மார்ச் 12, ஞாயிறு

மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தோம். மதகுக்குப் பக்கம், நடுவில், பிறகு மடுவில். மடுவு என்பது அணை கட்டுவதற்கு முன்பு பள்ளத்து ஓடை விழுந்து குடைந்த குழி. ஏரியிலேயே அதுதான் ஆழம்.

ஒரே இடத்துத் தண்ணீரை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பிடிக்க வேண்டும். ஒன்று வெறும் புட்டி. மற்றதில் கறுப்பு நாடா சுற்றியிருக்கும், துளி வெளிச்சம் புகாது. இரண்டையும் எடுத்த ஆழத்துக்கே இறக்கிக் கட்டிவிட்டு மதியத்துக்கு மேல் எடுக்க வேண்டும். வெளிச்சப் புட்டியில் பாசி வெயிலில் வேலை செய்து ஆக்சிஜன் விடும். இருட்டுப் புட்டியில் அதற்கு வேலை கிடையாது, உள்ளே இருப்பதைச் சுவாசித்துக் குறைக்கத்தான் தெரியும். இருட்டுப் புட்டியில் ஆக்சிஜன் கூடியிருந்தால் ஏரியைக் குறை சொல்லாதே, நீதான் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறாய் என்று வருடா வருடம் முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆய்வகத்தில் மூன்று இடத்துத் தண்ணீரையும் சோதித்தேன். கடைசியில் ஸ்டார்ச் விட்டால் குடுவை நீலமாகும். மேலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் மறையும். எவ்வளவு மருந்து செலவானதோ, தண்ணீரில் அவ்வளவு ஆக்சிஜன்.

மதகுத் தண்ணீர் சரியாக இருந்தது. நடு ஏரியும் சரி. மடுவின் ஆழத்துத் தண்ணீரில் சில சொட்டுகளிலேயே நீலம் மறைந்துவிட்டது. எழுதிக்கொள்ளப் பேனா எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் குடுவை நீலமாக இருந்தது.

மறுபடி விட்டேன். மறைந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பழையபடி வந்து நின்றது.

மார்ச் 13, திங்கள்

விடைத்தாள் கட்டு வந்தது. காஸ் சிலிண்டர் தீர்ந்தது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 19, ஞாயிறு

இன்றும் மடுவில் மட்டும் நீலம் திரும்பி வந்தது. அது வர வர நான் மருந்து விட்டேன். அது நிற்கும்வரை விட்டேன். கணக்குப் போட்டால் அந்த ஆழத்தில் தாராளமாக ஆக்சிஜன் இருக்கிறது. மதகை விட அதிகம். அதிலும் இருட்டுப் புட்டியில்தான் அதிகம்.

ஆக்சிஜன் இருந்தால், ஆரம்பத்தில் மருந்து போட்டதும் புட்டிக்குள் படிவு பழுப்பாக இறங்க வேண்டும். மடுவுத் தண்ணீரில் வெளிறித்தான் இறங்கியது. ஆய்வக ஜன்னலில் வெளிச்சம் போதவில்லை.

ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுவாள்.

ஒரு முறை நீலம் ஏறியபோது, வந்துட்டீங்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை. எனக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதை எழுதுவதற்கு என்ன கூச்சம்.

மார்ச் 22, புதன்

மச்சாண்டார் நேரிலேயே வந்துவிட்டார், கூடவே அவர் மனைவி, அக்காவும். என் கழுத்தை இரண்டு பேருமே பார்க்காத மாதிரி பார்த்தார்கள். காபி கொடுத்தேன்.

"அம்மிணி, எத்தன நாளைக்குத்தான் இப்படி? தம்பி ஆத்மா அலையாதா? தண்ணியிலயே கெடக்குதுன்னு ஊருக்குள்ள பேசறாங்க."

"யாரு பேசறாங்க மாமா?"

"யாரோ பேசறாங்க. அத உடு. ஒரு கெழமைய உறுதி பண்ணிச் சொல்லு. ஐயர வரச்சொல்லோணும், சொந்தபந்தத்துக்குச் சொல்லோணும்."

"மடுவுக்கு அடியில தண்ணி நல்லா இருக்குதுங்க மாமா. நான் அளந்து பாத்தேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் இருந்ததே நல்லது. அக்கா மட்டும் போகும்போது என் கையைப் பிடித்து, நேரத்துக்குச் சாப்பிடு சாமி என்றார். சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 26, ஞாயிறு

ஏரி பச்சைப் பட்டாணி அரைத்துக் கரைத்தது மாதிரி ஆகிவிட்டது. வெயில் ஏற ஏறப் பாசி பெருகிக்கொண்டே போகிறது. பகலில் இந்தப் பாசியே தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் அதுவும் மீனோடு பந்தியில் உட்கார்ந்து தின்னும். விடியற்காலையில் பாத்திரம் காலியாகியிருக்கும்.

ரங்கக்கா தன் மகளிர் குழுப் பெண்களோடு சேர்ந்து மிதவைக் கூண்டுகளில் ஜிலேபிக் கெண்டை வளர்க்கிறார். விடியும்போது நாங்கள் போனோம், கூண்டு நிறைய மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ரங்கக்கா துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏனுங் டீச்சரம்மா, இதுக பண்ற கூத்தப் பாத்தீங்களா? நாலஞ்சு நாளா விடியக்காலம் இப்படியேதானுங்க. வெயிலு வந்தாத்தான் அடங்குது."

"மேல தண்ணியில காத்து பத்தலக்கா."

"அப்ப கீழ எறக்குனாச் சரியாப் போயிருமுங்களா? மேல்வலையக் கட்டிக் கல்லுத் தொங்க உட்டு எறக்கிரலாமுங்க. எங்க எறக்கறதுன்னு தெரிஞ்சாப் போதும். நீங்கதான் அடியில எல்லாம் அளக்கறீங்களே."

இது அவர்களுடைய ஒரு வருஷப் பாடு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மடுவுக்கு வந்ததும் ரங்கக்கா எப்போதும் போலத் துடுப்பை மேலே தூக்கிக்கொண்டார். அந்த இடத்தில் மட்டும் அவர் துடுப்பால் தண்ணீரைக் கலக்க மாட்டார். பரிசல் தானாகச் சுற்றிக்கொண்டே வந்து நிற்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மார்ச் 28, செவ்வாய்

நாள் முழுக்க விடைத்தாள். ஒரு பிள்ளை, ஏரியின் அடியில் ஆக்சிஜன் குறைவு, ஏனென்றால் மேலிருந்து விழும் செத்த பாசி அங்கே மக்குகிறது, கோடையில் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலப்பதில்லை என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட வேண்டிய பதில். போட்டேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

இன்று மடுவில் நீலம் எத்தனை முறை வந்தது என்று எண்ணவில்லை. வரும்வரை காத்திருப்பேன், வந்ததும் விடுவேன். மருந்து குழாய் முழுக்கத் தீர்ந்து இரண்டாவது முறை நிரப்பினேன். அந்த ஆழத்தில் யாரும் மூச்சுத் திணற மாட்டார்கள். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இதைச் சோதிப்பதற்கு முன்பே, கரைக்குத் திரும்பும்போதே ரங்கக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"மடுவுப் பக்கம் கொண்டுபோய் எறக்குங்கக்கா. அங்க அடியில நல்ல காத்து இருக்குது."

ரங்கக்கா என்னையே பார்த்தார். "மடுவுலயுங்களா?"

"ஆமா."

"நல்லாத் தெரியுமுங்களா டீச்சரம்மா?"

"வாராவாரம் அளக்கறேன்க்கா. எனக்குத் தெரியாதா?"

"சரிங்க. நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். கரை வரும்வரை மடுவுப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டார்.

ஏப்ரல் 5, புதன்

ஸ்டெல்லா மதியச் சாப்பாட்டின்போது, ஏரி வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன். ரீடிங்கைக் காட்டு, பார்க்கிறேன் என்றாள். வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்றேன். அப்போது அது என் மடியில் பைக்குள்தான் இருந்தது.

அந்த மருந்தில் அசைடு போடாமல் எப்படிச் செய்கிறாய் என்று கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. தயிர்சாதத்தில் பாதியை என் டப்பாவுக்குத் தள்ளினாள்.

ஏப்ரல் 8, சனி

கூண்டுகளை இழுத்துக்கொண்டு போய் மடுவில் இறக்கிவிட்டார்கள். நான் அணைக்கரையில் நின்று பார்த்தேன். கல் கட்டிய வலை பச்சைத் தண்ணீருக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. குழுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொண்டு கரையேறினார்கள். மீனுக்கெல்லாம் ஏசி ரூம் போட்டுக் கொடுத்தாச்சு என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருக்குத் துணை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 9, ஞாயிறு

எல்லாம் செத்துவிட்டன.

கல்லை அவிழ்த்து வலையை மேலே இழுக்க இழுக்க வெள்ளை வயிறுகளாக வந்தன. வாய் திறந்தபடி, செவுள் விரிந்தபடி. ஒன்றுகூட அசையவில்லை. மேலே விட்டிருந்தாலாவது விடிந்ததும் பிழைத்திருக்கும். மேல்வலை கட்டியிருந்ததால் ஏறி வர வழியில்லை. வலையின் மேல்பக்கத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, முட்டிப் பார்த்திருக்கின்றன.

அழுகிய முட்டை நாற்றம் லேசாக அடித்தது. அடித்தண்ணீரின் நாற்றம். அது எதனால் வரும் என்று எனக்குத் தெரியும்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுப் பெண்களில் ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே இருந்தாள். கூண்டுகளைக் கரையோரம் இழுத்து வந்ததும் ரங்கக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் இறங்கி உதவப் போனேன். "நீங்க மேலயே இருங்க டீச்சரம்மா, சேலை நனைஞ்சுரும்" என்றார். நான் இறங்கினேன். ஒரு கூடையை என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 10, திங்கள்

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீலம் திரும்பி வந்தது, நான் விட்டுக்கொண்டே இருந்தது, கூண்டை இறக்கச் சொன்னது, எல்லாம்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அது நைட்ரைட் பூங்கோதை. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"ஆக்சிஜன் தீரப்போற எடத்துலதான் அது சேரும். ஸ்டார்ச்ச நீலமாக்கற அயோடினை அது உண்டாக்கிட்டே இருக்கும். நீ விடவிட அது திரும்பி வரும். அது வராம இருக்கத்தான அசைடு போடறதே."

"தெரியும் ஸ்டெல்லா. நான்தான் பாடம் எடுக்கிறேன்."

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். டப்பாவை என் கையில் கொடுக்கவில்லை. தானே நிறுத்துப் போட்டுப் புதுக் கரைசல் கலந்து, மிச்சத்தைத் திரும்ப வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். நேற்று கூண்டுக்குப் பக்கத்தில் நான் பிடித்து வந்திருந்த தண்ணீர் ஒரு புட்டி இருந்தது. அதில் போட்டோம். படிவு வெள்ளையாக இறங்கியது. இன்று ஜன்னலில் நல்ல வெளிச்சம்.

ஸ்டார்ச் விட்டதும் லேசான நீலம். மருந்தில் ஒன்றிரண்டு சொட்டு விட்டதும் போய்விட்டது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்தது, அவளுக்கு வகுப்பு இருந்தது, போகவில்லை. குடுவையில் தண்ணீர் தெளிந்தே இருந்தது. வா, ஒரு தடவை வா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அதற்கு மேல் அங்கே வருவதற்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

விடுப்பு. படுத்தே கிடந்தேன். ஸ்டெல்லா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 12, புதன்

ரங்கக்கா வீட்டுக்குப் போனேன். அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரம். வாசலில் வலையைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுக்க உள்ளே ஓடினார். வேண்டாம் என்று வலைக்குப் பக்கத்திலேயே கீழே உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். மருந்தில் போட வேண்டிய ஒன்றைப் போடவில்லை, அதனால் கணக்குத் தப்பு, தப்பு என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் மீன் செத்ததற்கு நான்தான் காரணம் என்றேன். குழுப் பெண்களிடமும் நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

ரங்கக்கா வலையின் ஒரு முடிச்சைப் பிடித்து நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீனு போனா மறுக்கா விட்டுக்கலாமுங்க. அத உடுங்க" என்றார். அடுத்த முடிச்சை எடுத்தார். "எனக்கும் அன்னிக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சுங்க டீச்சரம்மா. மடுவுல ஒரு நாளும் மீனு நின்னதில்லீங்க. வலை போட்டா வெறும் வலைதான் வரும்."

"அப்புறம் ஏன்க்கா எறக்குனீங்க?"

"நீங்க அங்க காத்து இருக்குதுன்னு சொன்னீங்களே." தலையைத் தூக்காமலே பேசினார். "அன்னிக்குக் கரையேறுனவ நானுங்க. சாரு ஏறல. அங்க காத்து இருக்குதுன்னு நீங்க சொன்னதும் எனக்கும் அப்படி இருந்துட்டாப் போதும்னு ஆயிருச்சுங்க. அதுக்குமேல என்னால ஏன்னு கேக்க முடியல."

ஏரியில் நான் மட்டும்தான் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எதிரே துடுப்புப் பிடித்து உட்கார்ந்திருந்தவரை இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் பார்க்கவே இல்லை.

ரங்கக்கா வலையைக் கீழே வைத்தார்.

"இப்பச் செரியா அளந்துட்டீங்களா டீச்சரம்மா?"

"அளந்துட்டேன்க்கா."

"அங்க காத்து இல்லீங்களா?"

"இல்லக்கா."

"துளியும் இல்லீங்களா?"

"இல்ல."

வாய்க்காலில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரங்கக்கா என் முகத்தை நேராகப் பார்த்தார். சின்னக் குழந்தை கேட்பது மாதிரிக் கேட்டார்.

"அப்பச் சாரு எறந்துட்டாருங்களா?"

இதுவரை மச்சாண்டாரோ, போலீஸ்காரர்களோ, ஸ்டெல்லாவோ என்னிடம் இதைக் கேட்டதில்லை. எல்லாரும் எனக்குச் சொல்லத்தான் வந்தார்கள். என்னைக் கேட்டு, நான் சொன்னால் நம்புவதற்கென்று ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

"ஆமாக்கா" என்றேன். "எறந்துட்டார்."

ரங்கக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் நகர்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அக்டோபரிலிருந்து அழாததை எல்லாம் இரண்டு பேரும் அந்த வாசலில் அழுது தீர்த்தோம்.